கறுப்பு நாயைப் படம் எடுப்பது

காலை ஏழு மணிக்கெல்லாம் நான் நாய்க் காப்பகத்தில் இருப்பேன். ஒன்பது மணிக்குப் படகுத்துறைக்குப் போய் கிமாராஸ் தீவுக்கு டிக்கெட் கொடுக்க உட்கார வேண்டும். இடையில் இருக்கும் இரண்டு மணி நேரத்தில் கூண்டு கழுவி, சோறு வைத்து, தத்துக் கொடுக்கத் தயாராக இருக்கும் நாய்களைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடுவேன். படம் எடுக்கும் வேலை என் தலையில் விழுந்ததற்குத் திறமை காரணமில்லை. கப்பலில் வேலை பார்க்கும் என் தம்பி புதுக் கேமரா வாங்கியபோது பழையதை என்னிடம் தள்ளிவிட்டிருந்தான். அவ்வளவுதான்.

பழுப்பு நாய்கள் ஒரு வாரத்தில் வீடு பார்த்துப் போய்விடும். வெள்ளை என்றால் மூன்றே நாள். கறுப்பு நாய்கள் மட்டும் அசையவில்லை. ஐந்து பேர் இருந்தார்கள். அவர்களில் ஊலிங் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அடுப்புக்கரியை நாங்கள் ஊலிங் என்போம். அவனுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

ஒரு நாள் நான் போட்ட அவன் படத்துக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: “இது நாயா, இல்ல டயரை மடிச்சு வச்சிருக்கீங்களா?” அதற்கு நூற்று நாற்பது பேர் சிரித்திருந்தார்கள். காப்பகத்தை நடத்தும் மனாங் பெலாகியா (மனாங் என்றால் அக்கா) அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். சுங்க அலுவலகத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர். யாரையும் சும்மா விட மாட்டார்.

“மெடி, இந்த ஆளு கேட்டதுல என்ன தப்பு?”

“டயருக்குக் கண்ணு இருக்குமா, மனாங்?”

“இதுல மட்டும் கண்ணு எங்க இருக்கு? காட்டு பாப்போம்.”

படத்தைப் பெரிதாக்கித் தேடினேன். ஒன்று கிடைத்தது. அது மூக்காகவும் இருக்கலாம்.

அன்று மனசு கொஞ்சம் குத்தியது. அவன் வாலாட்டி நின்ற அழகை நான் நேரில் பார்த்தவள். அது படத்தில் வரவில்லை என்றால் அவன் என்ன செய்வான்?

மறுநாளிலிருந்து பரிசோதனை ஆரம்பமானது. ஃபிளாஷ் போட்டு எடுத்தேன். கண் இரண்டும் பச்சைப் பச்சையாக எரிந்தது, பேய்ப் பட விளம்பரம் மாதிரி. வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தேன். நாய் சாம்பல் நிறப் பெருச்சாளி ஆனது, பின்னால் இருந்த சுவர் வெளுத்துக் காணாமல் போனது. நேர் வெயிலில் நிறுத்தினேன். முதுகில் ஒரு வெள்ளைக் கோடு, மற்றதெல்லாம் இருட்டு. உடம்பு மினுங்கட்டும் என்று மனாங் பெலாகியா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார். ஊலிங் அத்தனையையும் நக்கிச் சாப்பிட்டான். அதற்கப்புறம் இரண்டு நாள் அவனுக்கு வயிறு கழிய, கூண்டை மூன்று மூன்று தடவை கழுவியது நான்தான்.

அந்த வாரம் சித்தி மகன் கல்யாண ஆல்பம் வந்தது. எல்லாரும் மணப்பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் மாப்பிள்ளையின் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்புக் கோட்டு. ஆனால் மடிப்பு தெரிகிறது, தையல் தெரிகிறது, பொத்தான் துளையில் பிசிறு நீட்டிக்கொண்டிருந்த நூல்கூடத் தெரிகிறது. படம் எடுத்தது யார் என்று கேட்டேன். ஜோவெலின் என்றார்கள். இருபத்தாறு வயது, ஊதா நிறத் தலைமுடி, பேச்சு கொஞ்சம் வெடுக்கென்று இருக்கும் என்று எச்சரித்தார்கள்.

போனில் விஷயத்தைச் சொன்னேன்.

“மனாங், நீங்க என் மாப்பிள்ளைங்களையும் உங்க நாயையும் ஒண்ணா வைக்கிறீங்களா?”

“நிறம் ஒண்ணுதானே, இண்டே,” என்றேன். இளையவளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

சிரித்துவிட்டாள். “சனிக்கிழமை ஹாரோ மாதா கோயிலுக்கு வாங்க. என் பையைத் தூக்கிட்டு நில்லுங்க. வேலை நடக்கும்போது கேள்வி கேக்கக் கூடாது. பாருங்க, போதும்.”

போனேன். பை கனத்தது. இருந்தாலும் பார்த்தேன். மாப்பிள்ளையை அவள் வெயிலில் நிறுத்தவே இல்லை. கோயிலின் பக்கவாசலுக்கு உள்ளே, நிழல் தொடங்கும் இடத்தில் நிறுத்தினாள். வெளிச்சம் நேராக அடிக்காமல் பக்கத்திலிருந்து வந்து தோளைத் தடவிக்கொண்டு போனது. அவருக்குப் பின்னால் வெள்ளைச் சுவரோ திறந்த வானமோ வராதபடி பார்த்துக்கொண்டாள். சாப்பாட்டு நேரத்தில் லும்பியாவைக் கடித்துக்கொண்டே சொன்னாள்:

“எல்லாரும் கறுப்பு மேல வெளிச்சத்தைக் கொட்டுறாங்க. கறுப்பு அதை முழுங்கிடும், மனாங். ஓரத்துல கொஞ்சம் படவிட்டா போதும். எங்க பளபளங்குதோ அங்கதான் உருவம் தெரியும்.”

“முகம் இருட்டா இருந்தா?”

“எதிர்ப்பக்கம் வெள்ளையா ஏதாவது பிடிங்க. அட்டை, பெட்ஷீட், எதுவா இருந்தாலும் சரி.”

திங்கட்கிழமை ஊலிங்கைக் கிடங்கின் வாசலுக்குள் உட்காரவைத்தேன். நானும் தரையில் படுத்தேன். ஜோவெலின் எந்த மாப்பிள்ளையைவிடவும் குள்ளம். அவளுக்கு அண்ணாந்து எடுத்தே பழக்கம். நாயைவிடக் குள்ளமாக நான் தரையோடு ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. முதல் படத்திலேயே அவன் தோள் எலும்பு தெரிந்தது, கழுத்து மயிரின் சுழி தெரிந்தது. ஆனால் முகம்? வீடு இழந்தவன் முகம். காதை மடக்கி, வாயை இறுக்கி, எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் “ஊலிங், ஊலிங்” என்று கூப்பிடக் கூப்பிட இன்னும் இறுகினான்.

டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்தில் மனோங் திர்சோவின் போட்டோக் கடை. மனோங் என்றால் அண்ணன். கப்பல் வேலைக்குப் போகிறவர்களின் பாஸ்போர்ட் படங்கள்தான் அவர் பிழைப்பு. ஒரு நாளைக்கு அறுபது விறைத்த முகங்கள் வருகின்றன. வெளியே மாட்டியிருக்கும் படங்களிலோ எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். எப்படி என்று கேட்டேன்.

“சிரின்னு நான் யாருகிட்டயும் சொன்னதில்ல,” என்றார். “எந்தக் கப்பல்னு கேப்பேன். பதில் சொல்லுவான். சொல்லி முடிச்சு மூச்சு விடுவான் பாரு, அப்ப முகம் தானா இளகும். அந்த நேரத்துல அமுக்கணும்.”

“நாய்கிட்ட எந்தக் கப்பல்னு கேக்க முடியாதே.”

“அது உன் பிரச்சனை. எனக்கு வெளிய ஆள் நிக்குது.”

அவர் சொன்னதை யோசித்துக்கொண்டே மறுநாள் போனேன். எதிர்ப்பக்கம் பிடிக்க வெள்ளையாக எதுவும் கிடைக்கவில்லை. பெட்ஷீட்டெல்லாம் நாய்க்குட்டிகள் நனைத்துவைத்திருந்தன. துறையில் மீன் இறக்கிய தெர்மாகோல் பெட்டியின் மூடி ஒன்று வேலியோரம் கிடந்தது. அதைக் கொண்டுவரச் சொன்னேன். மனாங் பெலாகியா மூக்கைப் பொத்திக்கொண்டு தூக்கிப் பிடித்தார்.

“பாங்குஸ் மீன் நாத்தம். இதைப் பிடிக்கத்தான் நான் ரிட்டையர் ஆனேனா?”

ஊலிங்கின் மூக்கு ஆடியது. காது எழுந்தது. மூடியின் பக்கம் மெதுவாகத் தலையைத் திருப்பினான். மூடியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. கண்கள் தேன் நிறம் என்பது ஏழு மாதத்தில் முதல் தடவையாக எனக்குத் தெரிந்தது. நான் அவசரப்படவில்லை. நன்றாக முகர்ந்தான். முகர்ந்து முடித்து, வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டு ஒரு பெரிய மூச்சு விட்டான். அப்போது அமுக்கினேன்.

படத்தை மனாங் பெலாகியாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். கழற்றிவிட்டுப் பார்த்தார்.

“இவன் இவ்வளவு அழகா?”

“நேர்ல பாத்துக்கிட்டுதானே இருக்கீங்க, மனாங்.”

“நேர்ல நான் கூண்டைத்தானே பாக்கறேன்,” என்றார் மெதுவாக. அவர் அப்படி மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஜோவெலினுக்கும் அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: “முகத்துல வெளிச்சம் எதை வச்சு?” மீன் பெட்டி மூடி என்றேன். “கல்யாணத்துக்குக் கொண்டுவர முடியாது. ஆனா படுத்துக்கிட்டு எடுத்தீங்களே, அதை நான் எடுத்துக்கறேன்.” அடுத்த வாரம் அவள் போட்ட ஒரு கல்யாணப் படத்தில், பூத்தூவும் சின்னப் பெண் கோபுரம் மாதிரி உயர்ந்து நின்றாள். ஜோவெலின் கோயில் தரையில் படுத்திருக்கிறாள் என்று எனக்கு மட்டும் தெரிந்தது.

ஊலிங்கைக் கேட்டு ஒன்பது பேர் எழுதினார்கள். கிமாராஸில் மாந்தோப்பு வைத்திருக்கும் எலிசா என்ற அம்மாவை மனாங் பெலாகியா தேர்ந்தெடுத்தார். வந்தவர் போனில் இருந்த படத்தையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

“படத்துல கொஞ்சம் பெருசா தெரிஞ்சுச்சே.”

“படுத்துக்கிட்டு எடுத்தேன்,” என்றேன். “தப்பா?”

“தப்பில்ல. தோப்புக்குத் திருட வர்றவனுங்களுக்கும் அப்படியே தெரிஞ்சா சரி.”

நான்தான் அவர்களுக்குப் படகு டிக்கெட் கொடுத்தேன். படகு கிளம்பும்போது ஊலிங் முனையில் நின்று காற்றை முகர்ந்தான். கேமரா மடியில் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. கண் கலங்கியிருந்தது, எடுத்திருந்தாலும் தெளிவாக வந்திருக்காது.

மற்ற நான்கு கறுப்பர்களும் மே மாதத்துக்குள் போய்விடுவார்கள் என்று எழுதிவைக்கலாம். இரண்டு பேர் ஏற்கெனவே போயாயிற்று. நான் கெட்டிக்காரி ஆகிவிட்டேன் என்று நினைத்த வேளையில்தான் ஒரு புது நாய் வந்தது. பாதி முகம் கறுப்பு, பாதி முகம் வெள்ளை. கறுப்பைச் சரிசெய்தால் வெள்ளை எரிந்துபோகிறது. வெள்ளையைப் பார்த்துக்கொண்டால் கறுப்பு மூழ்கிவிடுகிறது. எண்பது படம் எடுத்தும் ஒவ்வொன்றிலும் அரை நாய்தான் இருந்தது.

ஜோவெலினைக் கூப்பிட்டேன்.

“மேகம் போட்ட நாளா பாத்து வெளிய வச்சு எடுங்க, மனாங். வெயில் இல்லாட்டி ரெண்டும் சண்டை போடாது.”

“இது ஏப்ரல் மாசம், இண்டே.”

“அதுக்கு நான் என்ன பண்ண?”

இப்போது காலையில் முற்றத்தில் நானும் மனாங் பெலாகியாவும் காப்பியோடு உட்கார்ந்திருக்கிறோம். நாய் நடுவில் படுத்திருக்கிறது. மூன்று பேரும் வானத்தைப் பார்க்கிறோம். நேற்று கிமாராஸ் பக்கம் ஒரு துண்டு மேகம் தெரிந்தது. நான் எழுந்து கேமராவை எடுப்பதற்குள் அது போய்விட்டது.

“நாளைக்கு வரும்,” என்றார் மனாங் பெலாகியா. ஊலிங்கை அழகு என்றதைச் சேர்த்தால், அவர் நல்லதாக ஒன்று சொன்னது இது இரண்டாவது தடவை.