இன்னும் ஒருவர் உள்ளே

நவம்பர் 9. நேற்றைய பதிவில் ஒரு சிறு பிழை. ஏணி அக்காவின் இதயம் மூன்றாம் மாடி வரை தனியாக ஏறிப் போனது என்று எழுதியிருந்தேன். நான்காம் மாடி. மாடிகளில் இருந்தவர்களிடம் விசாரித்துத் திருத்துகிறேன்.

தீயணைப்பு வேலைக்கான எங்கள் மாலை வகுப்பில் எல்லோரையும்விட உயரமானவள் என்பதால் அவள் ஏணி. நேற்று இறுதித் தேர்வு. வயது வரம்பின்படி அவளுக்கு இதுவே கடைசி வாய்ப்பு. தோளில் தண்ணீர்க் குழாயோடு மாடி ஏறி இறங்கி பெஞ்சில் உட்கார வேண்டும். ஒரு நிமிடத்தில் நாடி தணியாவிட்டால் வேலை கிடையாது. மற்ற நாட்களில் இது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் மட்டும் இதயம் அடங்க நேரமாகும். கருமுட்டை வெளியான பிறகு புரோஜெஸ்டிரோன் கூடுவதால் சிலருக்கு அப்படி ஆகலாம், நோயல்ல என்று வகுப்பெடுக்கும் நர்ஸம்மா சொல்லியிருந்தார். தேர்வு சரியாக அந்த வாரத்தில் விழுந்தது.

அவள் இறங்கி வந்து உட்கார்ந்தாள். டாக்டர் மணிக்கட்டைப் பிடித்தார், பிறகு கழுத்தை. நாடியே இல்லை. மேலே, ஆளில்லாத படிக்கட்டில், திம் திம் என்று ஏறும் சத்தம். டாக்டரின் முகம் வெளுத்தது. எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரண்டாம் மாடிக் கணக்கர் சுவரோடு ஒட்டி வழிவிட்டாராம். நான்காம் மாடியில் துணி உலர்த்திய பெண்ணை வெதுவெதுப்பாக ஏதோ உரசியதாம்.

"மேல போயிருக்கு டாக்டர், வந்துடும்," என்று ஏணி வியர்வையைத் துடைத்தாள்.

நிமிடம் முடியப் போனது. டாக்டர் பேனாவை எடுத்தார். ஏணி, பக்கத்தில் நின்ற தீயணைப்பு நிலைய அதிகாரியைப் பார்த்தாள்.

"உள்ள போனவங்க எல்லாரும் வெளிய வர்ற வரைக்கும் வண்டிய எடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க?"

"அது ஆளுங்களுக்கும்மா."

"அதுவும் என் ஆளுதான் சார்."

அதிகாரி தாடையைத் தடவியபடி படிக்கட்டை அண்ணாந்து பார்த்தார்.

"டாக்டர், கடிகாரத்த நிறுத்துங்க. இன்னும் ஒருத்தர் உள்ள இருக்காங்க."

எல்லோரும் காத்திருந்தோம். சத்தம் ஒவ்வொரு மாடியாக இறங்கியது. தீயணைப்பு வண்டி ஓட்டுநர் படிக்கட்டுக் கதவைத் திறந்து பிடித்தார். பெஞ்சு ஒருமுறை முனகியது. ஏணிக்கு லேசாக விக்கல் வந்தது. டாக்டர் அந்த நொடியிலிருந்து கணக்கிட்டார். நிமிடத்துக்குள் நாடி தணிந்தது. அவள் பெயருக்கு நேரே 'தகுதி' என்று எழுதிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

நாளை: காலை ஆறு மணிக்கு ஏணி அக்காவும் நானும் குழாய்களைக் கழுவி வெயிலில் காயப்போட வேண்டும்.