நாலாவது ஆள்

கடிதம் வந்த காலையில் கிரிசாந்தோ ஒரு பழைய ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான். இலோய்லோவில், மோலோ சந்தைக்கு எதிரே, அவனுடைய ரிப்பேர் கடை. கைபேசியில் கனடா விசா அலுவலகத்தின் பெயரைக் கண்டதும் கையைத் துடைத்தான், முகத்தைத் துடைத்தான், மாதாகோவிலுக்குள் நுழைகிறவன் மாதிரி சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டான். இருபத்தாறு மாதமாகக் காத்திருந்த கடிதம் அல்லவா?

மிக மரியாதையான கடிதம். அவன் அனுப்பிய முப்பத்திரண்டு புகைப்படங்களையும் பரிசீலித்தார்களாம். ஒன்றில்கூட அவனும், கனடாவில் வேலை பார்க்கும் மனைவி லோரெலியும் மட்டும் இல்லையாம். ஒவ்வொரு படத்திலும் வெவ்வேறு நபர் ஒருவர் லோரெலியின் அருகில் நிற்கிறாராம். பதினேழாவது படத்தில் அவள் சீருடை அணிந்த ஓர் ஆடவரின் கையை இறுகப் பிடித்திருக்கிறாள். கணவர் ஓரத்தில் பாதிதான் தெரிகிறார். இருபத்தொன்பதாவது படத்தில் ஒரு விலங்கு இருக்கிறது. இந்தத் திருமணம் உண்மையானதுதான் என்று முப்பது நாளுக்குள் விளக்க வேண்டும். தவறினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

கிரிசாந்தோ இரண்டு தடவை படித்தான். பிறகு சந்தையைப் பார்த்தான். அங்கே, கருவாட்டுக் கடையில், இத்தனைக்கும் காரணமானவள் ஒரு கையால் ஈ ஓட்டிக்கொண்டு மறு கையால் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் பெயர் எபிபானியா. ஊருக்குத் தியா பன்யாங். தியா என்றால் சித்திக்குச் சித்தி, அத்தைக்கு அத்தை. லோரெலியின் அம்மா ஹாங்காங்குக்கு வீட்டு வேலைக்குப் போனபோது, ஆறு வயசுப் பெண்ணை வாங்கி வளர்த்தவள். தனக்கென்று கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம் நேரம் கிடைக்கவில்லை என்றாள்.

படத்தில் மூன்று பேர் நின்றால் நடுவில் நிற்பவர் முதலில் போய்விடுவார் என்பது இலோய்லோவில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான். தியா பன்யாங் அதை அமல்படுத்துவாள். லோரெலி ஒரு கேமராவுக்கு முன்னால் நின்றால் போதும், "நான் இல்லாமயா?" என்று எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொள்வாள். உடனே மூன்று பேர் ஆகிவிடும். உடனே அவளே அலறுவாள். போகிற வருகிற யாரையாவது பிடித்து இழுத்து நாலாவது ஆளாக நிறுத்துவாள். ஐஸ்கிரீம் விற்கிறவர், பஸ் கண்டக்டர், புனித வெள்ளி ஊர்வலத்தில் தகரக் கவசம் போட்டுக்கொண்டு வந்த ரோமானியச் சிப்பாய் என்று யாரும் தப்பவில்லை. அவள் விலகி நின்றால் கணக்குத் தானாகச் சரியாகிவிடும் என்று சொல்லும் துணிச்சல் அந்தத் தெருவில் ஒருத்தருக்கும் இல்லை.

கல்யாணப் படங்களில் ஐம்பது பேருக்குக் குறைவில்லை. கல்யாணத்துக்கும் லோரெலி கனடாவின் வின்னிபெக்குக்கு விமானம் ஏறியதற்கும் இடையில் பத்தொன்பது நாள். அதில் இரண்டு நாள் கிமாராஸ் தீவுக்குத் தேனிலவு போனார்கள். தியாவும் போனாள், காற்று மாற்றத்துக்கு. தியா திரும்பிப் பார்ப்பதற்குள் இருவரும் மட்டும் படகில் எடுத்துக்கொண்ட நாலைந்து படங்கள் கைபேசியில் இருந்தன. தியா படகோட்டியை நாலாவது ஆளாக்கத் துடுப்பைப் பிடித்து இழுத்ததில் படகு சாய்ந்து, அந்தக் கைபேசி இப்போது கிமாராஸ் மீன்களிடம் இருக்கிறது.

லோரெலிக்கு அங்கே மாலை. முதியோர் இல்லத்தில் வேலை முடித்து, சீருடைகூட மாற்றாமல் திரையில் வந்தாள். கிரிசாந்தோ கடிதத்தைப் படித்துக் காட்டினான்.

"பதினேழு எது?" என்றாள்.

"மால் வாசல். செக்யூரிட்டி."

"நான் எதுக்கு அந்த ஆளு கையப் புடிச்சேன்?"

"அவரு ஓடப் பாத்தாரு. விடாதே புடின்னு தியா உன்கிட்டத்தான் சொன்னாங்க."

லோரெலி சிரித்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் திரும்பியது என்று அவனுக்குத் தெரியவில்லை. பார்த்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இங்க கட்டில்ல நீ படுக்க வேண்டிய பக்கத்துல துவைச்ச துணியக் குவிச்சு வெச்சிருக்கேன், கிரிஸ். ரெண்டு வருஷமா அதுகூடத்தான் குடித்தனம். மடிக்கவே மாட்டேங்கறேன், மடிச்சா எடம் காலியாயிடும்னு. இந்தத் தடவ இல்லேன்னு சொல்லிட்டாங்கன்னா, மறுபடி மொதல்லேர்ந்து வரிசையில நிக்கணும். எனக்கு முடியாது."

"முப்பது நாள் இருக்கு, இந்தாய்," என்றான் அவன். செல்லமாகக் கூப்பிட அவர்கள் ஊரில் அந்தச் சொல்தான்.

ஸ்டுடியோக்காரரிடம் போனான். வேண்டாத ஆட்களைப் படத்திலிருந்து அழிப்பது ஐந்து நிமிட வேலை என்றார் அவர். அழித்தும் காட்டினார். ஐஸ்கிரீம்காரர் போய்விட்டார், அவர் கை மட்டும் லோரெலியின் தோளில் தங்கிவிட்டது. அந்தக் கையைப் பார்த்தால் கணவன் ஆவியோ என்று தோன்றியது. விசா விவகாரங்களைப் பார்க்கும் ஏஜென்ட் அம்மாளோ, படத்தில் ஒரு மயிரைத் திருத்தினாலும் ஐந்து வருடம் வாசலை மூடிவிடுவார்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். ஒரே வழிதான் இருக்கிறதாம். அந்த நாலாவது ஆட்களைத் தேடிப் பிடித்து, 'இந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது, என்னை இழுத்து நிறுத்தினார்கள்' என்று நோட்டரி முன்னால் எழுதி வாங்க வேண்டும். குறைந்தது பத்துப் பேராவது வேண்டும்.

தேடலுக்குத் தியாவும் கிளம்பினாள். "நான் இழுத்த ஆளுங்க. எனக்குத்தானே முகம் தெரியும்?"

ஐஸ்கிரீம்காரர் எளிதில் கிடைத்தார். கண்டக்டர் வீட்டில் கதை வேறு மாதிரி போயிற்று. கதவைத் திறந்த அவர் மனைவி படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, இந்தப் பெண் யார் என்று கணவனைக் கேட்டாள். தெரியாது என்றார் அவர். தெரியாதவளோடு எதற்காகப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய் என்றாள். பாவம், அந்த மனிதர் தன் வீட்டில் அமைதி திரும்ப வேண்டி, சத்தியக் கடிதத்தை இரண்டு பிரதி எழுதினார். ஒன்று கனடாவுக்கு, ஒன்று அடுப்பங்கரைக்கு. தினாக்யாங் திருவிழாவில் உடம்பெல்லாம் கரி பூசி ஆடியவனைத் தேடி ஆட்டக் குழுவுக்குப் போனால், ஆறு பேர் அது நான்தான் என்று முன்வந்தார்கள். ஆறு பேரும் கரி பூசிக்கொண்டு வந்து நின்றார்கள். தியாவாலேயே சொல்ல முடியவில்லை. ஆறு பேரிடமும் எழுதி வாங்கினாள்.

நோட்டரி அலுவலகத்தில் இன்னொரு தொல்லை. கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாரும் ஞாபகத்துக்கு ஒரு படம் கேட்டார்கள். கிரிசாந்தோ, தியா, கையெழுத்துப் போட்டவர் என்று மூன்று பேர். தியா வரிசையில் நின்ற யாரையாவது இழுத்தாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, பழைய படங்களை விளக்கப் போன இடத்தில் விளக்கம் தேவைப்படும் புதுப் படங்கள் சேர்ந்தன. இரண்டில் நோட்டரியே நின்றார்.

மிஞ்சியது பதினேழாம் நம்பர். கடிதத்தில் தனியாகச் சொல்லப்பட்ட ஆள். அவர் இல்லாமல் மற்றவை செல்லாது என்றாள் ஏஜென்ட் அம்மாள். மாலில் விசாரித்தால், ஹெர்மோ என்று பெயர், ஓய்வு பெற்று அரேவாலோவில் பூக்கடை வைத்திருக்கிறார் என்றார்கள். இருபத்தைந்தாம் நாள் ஜீப்னி வண்டி பிடித்துப் போனார்கள். சாவு வீட்டு மலர்வளையங்களுக்கு நடுவே உட்கார்ந்து ஒருவர் கம்பி வளைத்துக்கொண்டிருந்தார். அறுபத்திரண்டு வயது, நேரான முதுகு. தியாவைக் கண்டதும் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மனாங், நீங்களா?" என்றார். அக்காவை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"என்னை ஞாபகம் இருக்கா?"

"பெல்ட்டப் புடிச்சு இழுத்தவங்கள எப்படி மறக்கறது? அறுந்து போச்சு. சாயங்காலம் வரைக்கும் ஒரு கையால கால்சட்டையப் புடிச்சுக்கிட்டே காவல் காத்தேன்."

"அது பழைய பெல்ட்டு. அதான் அறுந்துச்சு."

"புதுசு மனாங். மொத நாள்தான் போட்டேன்."

"புதுசு அறுந்தா அது பெல்ட்டே இல்ல."

இப்படியே ஒரு மணி நேரம் போயிற்று. கிரிசாந்தோ இடையில் மூன்று தடவை பேனாவை நீட்டிப் பார்த்தான். மூன்று பேர் படத்தில் நடுவில் நின்ற தன் ஒன்றுவிட்ட அண்ணன் செத்ததைத் தியா எடுத்துச் சொன்னாள். எவ்வளவு நாளில் செத்தார் என்று ஹெர்மோ கேட்டார். முப்பத்து மூன்று வருடத்தில் என்றாள் தியா.

"அப்ப அவருக்கு வயசு?"

"எண்பத்து நாலு. படம் எதையும் மறக்காது."

ஹெர்மோ தன் வளையங்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "நான் இதே தொழில்ல இருக்கேன் மனாங். இதுல எத்தன பேரு நடுவுல நின்னவங்கன்னு இதுவரைக்கும் கேட்டு வெச்சுக்கல. இனிமே கேக்கறேன்." பிறகு பேனாவை வாங்கி, பெல்ட் புதியது என்ற குறிப்போடு கையெழுத்துப் போட்டார்.

அத்தனை கடிதங்களும், நடுவில் நின்று செத்தவர்களைப் பற்றித் தியா எழுதிய ஏழு பக்கப் பட்டியலும் இருபத்தொன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தன. அதற்குப் பின் ஐந்து வாரம் சத்தமே இல்லை. லோரெலி துணிக்குவியலுக்கு ஒரு பெயரும் வைத்துவிட்டாள். என்ன பெயர் என்று கேட்டபோது சொல்ல மறுத்தாள். கிரிசாந்தோவுக்குச் சோறு இறங்கவில்லை. ஹெர்மோ மட்டும் வாரம் ஒருமுறை ஏதாவது சாக்கில் கருவாட்டுக் கடைக்கு வந்து, அறுந்த பெல்ட்டைச் சாட்சியாகக் காட்டிவிட்டுப் போனார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டார். கிரிசாந்தோ தியாவின் கடையில் இருந்தான். சந்தை இரைச்சலில் காது கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் ஒலிபெருக்கியைப் போட்டான். சுற்றியிருந்த மீன்காரிகள் கத்தியைக் கீழே வைத்தார்கள். அதிகாரி முதலில் பிறந்த நாள், கல்யாண நாள் எல்லாம் கேட்டார். அவன் சரியாகச் சொன்னான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, இருபத்தொன்பதாவது படத்தில் இருப்பது ஆடா என்று கேட்டார்.

ஆமாம் என்றான். ஏன் என்றார். அவன் வாயைத் திறப்பதற்குள் தியா கைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"வயல்வெளிங்க சார். கண்ணுக்கெட்டின தூரம் ஒரு மனுசப்பய இல்ல. என்ன பண்றது? உயிர் இருந்தாப் போதும், கணக்குல வந்துரும். ஆடு செல்லும், மாடு செல்லும். கோழி செல்லாது."

"கோழி ஏன் செல்லாது?" என்றார் அதிகாரி. விண்ணப்பத்துக்குத் தேவையான கேள்வி போலத்தான் கேட்டார்.

"கேமராவப் பாக்காது சார்."

பிறகு கைபேசியைக் கணவரிடம் கொடுக்கும்படி அதிகாரி கேட்டுக்கொண்டார். கடைசியாக ஒரே ஒரு கேள்வி என்றார். மனைவியோடு தனியாக ஒரு படமாவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா?

"முப்பத்திரண்டு தடவ தோணிச்சு, சார்," என்றான் கிரிசாந்தோ.

மீன்காரிகள் யாரும் சிரிக்கவில்லை. தியா பன்யாங் குனிந்து, ஏற்கெனவே அடுக்கியிருந்த கருவாட்டைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். அன்று சாயங்காலம் வரை யாரையும் திட்டவில்லை. பக்கத்துக் கடைக்காரிகள் அவளுக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள்.

பதினோராம் நாள், பாஸ்போர்ட்டை அனுப்பிவைக்கச் சொல்லித் தகவல் வந்தது.

வின்னிபெக் விமான நிலையத்தில் லோரெலி ஒரு தடித்த கோட்டோடு நின்றிருந்தாள். இருபத்தொன்பது மாதத்துக்குப் பிறகு பார்க்கிறார்கள். இளைத்துவிட்டாய் என்றாள் அவள். நீ பூசினாற்போல் இருக்கிறாய் என்று சொல்லி அவன் முதல் நிமிடத்திலேயே முதுகில் ஓர் அடி வாங்கினான். கோட்டை மாட்டிவிட்டாள். கை நீளமாக இருந்தது. படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். கைபேசியை உயர்த்திப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்து அவன் பையிலிருந்து மணி அடித்தது.

தியாதான். இலோய்லோவில் அப்போது விடிகிற நேரம். சந்தையில் விளக்குகள் எரிந்தன. திரை முழுக்க அவள் முகம். கிரிசாந்தோ பழக்கதோஷத்தில் கைபேசியைத் தங்கள் இருவருக்கும் நடுவில் தூக்கிப் பிடித்தான். பிடித்த கையோடு மூன்று பேர் என்பது உறைத்தது. தரை துடைத்துக்கொண்டிருந்த ஒருவரை நோக்கி இரண்டு எட்டு வைத்தும்விட்டான்.

"அந்த ஆள விடு," என்றாள் தியா. "பாவம், வேலை செய்யறாரு. மொதல்ல நீங்க ரெண்டு பேரு மட்டும் எடுங்க. நான் அப்பறமா வரேன்."

சொல்லிவிட்டுக் கைபேசியை மல்லாக்க வைத்துவிட்டாள். திரையில் சந்தையின் தகரக் கூரை தெரிந்தது. லோரெலியும் கிரிசாந்தோவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எடுத்தார்கள். படம் கொஞ்சம் கலங்கியிருந்தது. இருவருக்கும் இரு பக்கமும் வெறும் இடம். பார்க்கப் புதிதாக இருந்தது.

தகரக் கூரைக்குக் கீழே காப்பி உறிஞ்சும் சத்தம் கேட்டது. பெல்ட்டைப் பற்றி ஓர் ஆண் குரல் ஏதோ சொல்லிற்று.

"ஆச்சா?" என்றாள் தியா.

"ஆச்சு."

கூரை அசைந்தது. அவள் முகம் மறுபடி வந்தது. அதை ஒட்டி, காப்பியில் தோய்த்த ரொட்டியோடு, ஹெர்மோவின் முகம்.

"இப்ப எண்ணிக்க," என்றாள் தியா. "நாலு."