கேக்குக்கு முன்னால் மெழுகுவர்த்தி

நாளை காலை அக்காவின் கேக் கடை இணையத்தில் திறக்கிறது. பக்கத்தை உருவாக்கிய தம்பி, முகப்பில் மெழுகுவர்த்திகள் ஆடுவதற்கென்றே பெரிய ஸ்கிரிப்ட் நிரல் ஒன்றைச் சேர்த்திருந்தான். அவனுடைய லேப்டாப்பில் பக்கம் பறந்தது. அக்காவின் பழைய போனிலோ, ஆர்டர் பட்டன் அசையவே இல்லை.

"டேய், பட்டனுக்கு உயிர் இருக்கா? நாளைக்கு வர்றவங்க ஓடியே போயிடுவாங்க!"

ஆத்திரத்தில் படபடவென்று தட்டினாள். திடீரென்று ஏழு கேக்குகள் ஆர்டராகின.

தம்பி போனை வாங்கிப் பார்த்தான். அந்த ஸ்கிரிப்டைப் போன் படித்து முடிக்கும்வரை அதற்கு வேறெதையும் கவனிக்க நேரமில்லை. தட்டல்களெல்லாம் வரிசையில் காத்திருந்திருக்கின்றன. ஆர்டர் முடிந்தபிறகே ஸ்கிரிப்ட் வரும்படி மாற்றினான்.

அக்கா ஒரே ஒரு தட்டு தட்டினாள். உடனே ஒரு கேக் ஆர்டரானது. பிறகு மெழுகுவர்த்திகள் ஆடின.

"கேக் வந்தப்புறம்தானேடா மெழுகுவத்தி ஏத்துவாங்க!" என்று சிரித்த அக்கா, திரையைப் பார்த்து ஊதினாள்.