தப்புக்கு இருபது மார்க்

உடனே பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லிக் கணக்கு வாத்தியாரிடமிருந்து போன் வந்ததுமே பஸ் ஓட்டுகிற அம்மா வண்டியை டிப்போவில் விட்டுவிட்டுக் கிளம்பினாள். மகள் யாரையாவது அடித்துவிட்டாளோ, காப்பி அடித்து மாட்டிக்கொண்டாளோ? யூனிபாரத்தைக்கூட மாற்றாமல் ஓடி வந்தாள்.

வாத்தியார் முகத்தில் இழவு வீட்டுக் களை. "மனசைத் திடப்படுத்திக்குங்கம்மா. உங்க பொண்ணு கணக்குல தப்பே போட மாட்டேங்குறா."

"அட, இதுக்கா சார் கூப்பிட்டீங்க?"

"சிரிக்காதீங்க. வருஷம் முடியப் போகுது. இன்னும் ஒண்ணுகூடப் போடல."

விஷயம் இதுதான். பிள்ளைகளின் கணக்குப் பயத்தைப் போக்க வாத்தியார் ஏதோ பயிற்சிக்குப் போய் ஒரு புது முறையோடு திரும்பியிருந்தார். யார் தப்புப் போட்டாலும் வகுப்பே எழுந்து கைதட்ட வேண்டும். அந்தத் தப்பு நட்சத்திரத்தோடு பின்சுவரில் ஏறும். நல்ல யோசனைதான், யார் இல்லை என்றது? அதோடு விட்டாரா மனுஷன்? நூறில் இருபது மார்க்கைத் தப்புக்கென்றே ஒதுக்கித் தொலைத்தார். மைனஸ் குறியை விழுங்குவதையே தொழிலாக வைத்திருந்த 'மைனஸ்' என்கிற பையனுக்குப் பாதிச் சுவர் சொந்தம். மகள் பெயருக்குக் கீழே வெறும் சுண்ணாம்பு. அடுத்த வருஷம் உயர் கால்குலஸ் வகுப்பில் சேர எண்பத்தைந்து வேண்டும். இவள் தலைகீழாக நின்றாலும் எண்பதுதான். பாலம் கட்டப்போகிறேன் என்று ஆறு வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிற பெண்!

"வேணும்னே ஒண்ணு தப்பாப் போட்டுத் தொலையேன்டி," என்று பக்கத்தில் நின்ற மகளிடம் சீறினாள் அம்மா.

"போட்டேம்மா. தெரிஞ்சு பண்ணினா அது தப்பில்ல, ஏமாத்து வேலைன்னு சார் திருப்பிக் கொடுத்துட்டாரு."

"தனியாப் பயிற்சியும் வச்சுப் பாத்துட்டேன்," என்றார் வாத்தியார். "மைனஸே பக்கத்துல உக்காந்து சொல்லிக் கொடுத்தான். கடைசியில அவன் சரியாப் போட ஆரம்பிச்சுட்டான்."

கடைசி வாய்ப்பாக அன்று ஒரே ஒரு கணக்கு. அம்மா பின்பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். ஒன்றை x வர்க்கத்தால் வகுத்தால் வருகிற வளைகோடு. மைனஸ் ஒன்றிலிருந்து பிளஸ் ஒன்று வரை அதன் கீழே இருக்கும் பரப்பு எவ்வளவு?

சூத்திரத்தில் போட்டுப் பார்த்து வகுப்பே மைனஸ் இரண்டு என்றது. மகள் மட்டும், "இதுக்கு விடையே கிடையாது சார்," என்றாள்.

வாத்தியார் தன் விடைத்தாளைப் பார்த்தார். மைனஸ் இரண்டு. "தப்பு!" என்று துள்ளிக் குதித்தார். "தப்பேதான்! தட்டுங்கடா!"

எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியது அம்மாதான். இருபது மார்க்! பெற்ற வயிறு குளிர்ந்துபோயிற்று.

"இல்ல சார். நான் சொன்னது சரி."

வாயை மூடுடி என்று அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். மகள் எங்கே பார்த்தாள்? பலகையில் கோட்டை வரைய ஆரம்பித்துவிட்டாள்.

"கோடு முழுக்க மேலேயே இருக்கு. அப்புறம் பரப்பு எப்படி சார் மைனஸ்ல வரும்? பூஜ்யத்துகிட்ட வானத்துக்கே போயிடுது, அளந்து முடியாது."

வாத்தியார் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பதினோரு வருஷமாக மைனஸ் இரண்டு என்று சொல்லிக் கொடுத்தவர். முகம் செத்துப்போயிற்று.

பாவம், பிள்ளைகள் கேலி ஒன்றும் செய்யவில்லை. மைனஸ் முதலில் எழுந்தான், பிறகு எல்லோரும். கூரை அதிரத் தட்டினார்கள். ஒருத்தி ஓடிவந்து அவர் சட்டையில் நட்சத்திரம் ஒட்டினாள்.

"நிறுத்துங்க!" காது சிவக்கக் கத்தினார். "ஏன் இப்படி மானத்தை வாங்குறீங்க?"

கைகள் அப்படியே நின்றன. "எங்களுக்கும் இப்படித்தான் சார் இருந்துச்சு," என்றான் மைனஸ்.

வாத்தியார் சட்டையில் இருந்த நட்சத்திரத்தைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு மார்க் நோட்டை எடுத்து, தப்புக்கான கட்டத்தை மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக அடித்தார்.

"அப்ப இவ?" என்றாள் அம்மா.

"எண்பதுக்கு எண்பது. சேர்ந்துட்டாம்மா."

பெஞ்சில் அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு பையனிடம் பேனா கேட்டு வாங்கிக்கொண்டார்.

"அந்தப் பூஜ்யத்துகிட்ட என்ன ஆகுதுன்னு இன்னொரு தடவை சொல்லும்மா," என்றார். "எனக்குப் புரியல."