வாளியில் கரைந்த பேய்

பழைய கார்ட்டூன் வரைந்த கண்ணாடித் தாள்களைக் கழுவிப் புதுப் படத்துக்கு எடுத்துக்கொள்வது அந்தக் கார்ட்டூன் கூடத்து வழக்கம். தாள்களில் மை போடும் மைக்காரி அப்படித்தான் பழைய வாத்துப் படத்தைக் கழுவ உட்கார்ந்தாள். துடைக்கும்போதுதான் தாள்கட்டு மாறியது தெரிந்தது. வாத்து அலமாரியில் பத்திரமாக இருந்தது. வெள்ளிக்கிழமை திரைக்கு வரவேண்டிய ‘பேய் வீடு’ படத்தின் பேய், இருநூற்றுப் பன்னிரண்டு தாளும், வாளித் தண்ணீரில் கரைந்திருந்தது.

கேமராக்காரர் அவளுடைய தாய்மாமன். வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். வாளிக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

“முதலாளிக்குத் தெரிஞ்சா உன் வேலை போச்சு.”

“கலக்காதீங்க, தலை சுத்துது” என்றது வாளி.

மாமா விரலை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். மைக்காரி பேனாவை எடுத்தாள்.

“உன்னையே தொட்டுத் தொட்டுத் திரும்ப வரையறேன். வந்துடு.”

“எங்கே, அந்த வீட்டுக்கா? நாற்காலியெல்லாம் தானா நடக்குது. படிக்கட்டு பாம்பு மாதிரி நெளியுது. எனக்குப் பயமா இருக்கு.”

“நீதானே பேய்?”

“அது முதலாளி கொடுத்த வேலை. நானா கேட்டேன்?”

“நீ வரலைன்னா என் வேலை போயிடும்.”

வாளி விளிம்பு வரை தளும்பியது. “துணைக்கு யாராவது உண்டா?”

படத்தில் ஒரு பூனை இருந்தது. பேயைக் கண்டு ஓடவேண்டிய பூனை. அதன் வாலைப் பிடித்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தார்கள். மூன்று நாள், சோறு தண்ணீர் மறந்து வரைந்தாள்.

வெள்ளி காலை முதலாளி படத்தைப் போட்டுப் பார்த்தார்.

“பேய் ஏன்யா பூனை வாலைப் பிடிச்சுக்கிட்டு அலையுது?”

“தனியாப் போகப் பயம் சார்” என்றது திரையிலிருந்த பேய்.

முதலாளி மாமாவைத் திரும்பிப் பார்த்தார். “நாம எடுத்தது பேசாத படம்தானே?”

“ஆமாங்க.”

“பின்னே இது ஏன் பேசுது? தியேட்டர்காரன் பியானோ வாசிக்க ஆள் வச்சிருக்கான். அவன் சண்டைக்கு வருவான்.” முகவாயைச் சொறிந்தார். “ஏம்மா, நாளையிலேருந்து நீ மை போட வேண்டாம்.”

அவள் கிளம்ப எழுந்தாள்.

“மூணு காட்சிக்கும் தியேட்டர்ல முன் வரிசையில உட்காரு. அது வாயைத் திறந்தா முறைச்சுப் பாரு. சம்பளம் அதேதான்.”

மைக்காரி தலையாட்டினாள். உடனே பழகிப் பார்க்கலாமென்று திரையை முறைத்தாள். பேய் வாயை மூடிக்கொண்டது.

பூனைதான் கேட்டது: “அப்போ நான் பேசலாமா?”