இடது கையின் பயம்

ஓவாத்யாவின் ரத்த அழுத்தம் அன்று காலை யார் பேச்சையும் கேட்பதாக இல்லை. அளக்க அளக்க ஏறிக்கொண்டே போனது. வரம்பைத் தாண்டினால் மாத்திரை கிடையாது என்பது ஆய்வின் விதி. மாத்திரை இல்லையென்றால் ஆய்விலிருந்தே அவர் பெயர் போய்விடும்.

"அடுத்த தடவையும் இப்படியே வந்தா வீட்டுக்கு அனுப்பிடலாம், ஸ்மதார்," என்றான் ஹனான். அவன் டாக்டர், நான் நர்ஸ். பழைய அதிர்ச்சியிலிருந்து மீளாதவர்களுக்கு எம்.டி.எம்.ஏ. என்ற போதைமருந்தை மாத்திரையாகக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு அது. மாத்திரை எடுத்தவர் பக்கத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பது எங்கள் இருவரின் வேலை.

"வீட்டுல மட்டும் யாரு இருக்கா?" என்றார் ஓவாத்யா, படுத்தபடியே.

அவர் ஹைஃபா நகரத்தில் பஸ் ஓட்டியவர். பல வருடங்களுக்கு முன் அவருடைய பஸ்ஸில் குண்டு வெடித்தது. கைக்காயம் ஆறிவிட்டது, ஆனால் எதிர்பாராமல் யாராவது தொட்டால் உடம்பு துள்ளி எழுந்துவிடும். தூக்கத்தில் மனைவி மஸாலைத் தள்ளிவிட்டதில் அவளுக்குப் பல் உடைந்தது. போன மாதம் அவள் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். இந்தச் சிகிச்சையும் பலிக்காவிட்டால் திரும்ப மாட்டேன் என்று என்னிடமே சொன்னாள். தூங்குவதற்கு அவருக்கு இருந்த ஒரே துணை டாக்டர் எழுதிக்கொடுத்த கஞ்சாச் சொட்டு. ஆய்வுக்காக அதையும் நிறுத்தச் சொல்லிவிட்டோம். பாவம் மனுஷன், கையில் ஒன்றையும் மிச்சம் வைக்காமல் எங்களிடம் வந்து படுத்திருந்தார்.

ஹனானுக்குச் சந்தேகமே இல்லை. "மாத்திரையை நெனச்சுப் பயப்படுறார். அவ்ளோதான்."

"அப்போ போன வாரம் அளந்தப்ப எப்படி நல்லா இருந்துது?"

"அன்னைக்கு மாத்திரை இல்லையே."

பதில் சரியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் மண்டை குடைந்தது. பொறுமை எனக்கு மருந்துக்கும் கிடையாது. ஆனால் புரியாத ஒன்றைப் பாதியில் விட்டுவிட்டுப் போகவும் வராது. ஓவாத்யாவின் விரலில் நாடித் துடிப்பைக் காட்டும் கிளிப் மாட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மாத்திரையைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். குண்டைப் பற்றிக்கூடக் கேட்டேன். துடிப்பு அசைந்து கொடுக்கவில்லை. மெஷின் கைப்பட்டியில் காற்றை ஏற்றத் தொடங்கியதும் குதித்தது. காற்று இறங்கியதும் தணிந்தது.

சத்தம் பிடிக்கவில்லையோ? பட்டியைக் கழற்றி என் கையில் கட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். மெஷின் உறுமியது. அவர் நாடி அதுபாட்டுக்கு நிதானமாக ஓடியது.

"உனக்கு நூத்தி நாப்பது," என்றான் ஹனான். "முதல்ல உன்னை வீட்டுக்கு அனுப்பணும்."

"சும்மா இரு நீ. ஓவாத்யா, உங்க கையைப் பிடிச்சுப் பார்க்கலாமா?"

"பிடிம்மா. உதைச்சுட்டா கோவிச்சுக்காத."

வலது மேற்கையைச் சுற்றிப் பிடித்து மெல்ல இறுக்கினேன். ஒன்றுமில்லை. இடதுகையை அதேபோல இறுக்கினேன். நாடி எகிறியது, கால்விரல்கள் மடங்கின, கழுத்தில் வியர்வை பொடித்தது. ஆனால் முகத்தில் பயமே இல்லை! எங்களைப்போலவே அவரும் தன் கையை வேடிக்கை பார்த்தார்.

"இது என்னம்மா கூத்து? எனக்கு ஒண்ணுமில்ல. இதுக்குத்தான் பயம்."

போன வாரம் வலதுகையில் அளந்திருந்தோம். இன்று மெஷின் கட்டிலுக்கு இடப்பக்கம் நின்றதால் இடதுகையில் கட்டியிருந்தேன். அவ்வளவுதான் விஷயம். பட்டியை மாற்றிக் கட்டி, அவருக்கு ஐந்து நிமிடம் ஓய்வு கொடுத்துவிட்டு அளந்தோம். எண் வரம்புக்குள் வந்து நின்றது. ஹனான் மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்தான்.

மதியம் நெருங்கும்போது ஓவாத்யா, மாத்திரை எடுத்ததும் நாங்கள் கட்டிவிட்ட கண்மறைப்பைக் கழற்றிவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"என் நெஞ்சு மேல ஒருத்தி உட்கார்ந்திருக்கா," என்றார்.

"எங்க?"

"ரோட்டுல. குண்டு வெடிச்சப்புறம். கைப்பை வாரால என் கையை இறுக்கிக் கட்டுறா. ரத்தமா ஓடுது. நான் கத்துறேன், அவ முகத்துலயே அறையுறேன். 'அடிங்கண்ணா, அடிங்க, நான் விடமாட்டேன்'னு அழுதுகிட்டே கட்டுறா." இடதுகையைத் தூக்கிப் பார்த்தார். "இத்தனை வருஷமா இந்தக் கை, அவதான் கொல்ல வந்தவன்னு நெனச்சுகிட்டு இருக்கு. அவ மட்டும் கட்டலேன்னா அங்கயே போய்ச் சேர்ந்திருப்பேன், இல்லையா டாக்டர் தம்பி?"

"ஆமா," என்றான் ஹனான்.

"ஐயோ, அவ முகம்கூட ஞாபகமில்லையே!" என்று அழுதார் ஓவாத்யா. நானும் வெட்கமில்லாமல் அழுதேன்.

அவர் மறுபடி படுத்ததும் ஹனானிடம் கிசுகிசுத்தேன். "நரம்புக்கு இறுக்கினது மட்டும் ஞாபகம் இருந்திருக்கு. யாரு, எதுக்குங்கிறது இப்பதான் போய்ச் சேருது. மாத்திரை அதை எப்படிச் செஞ்சுது?"

"முழுசாத் தெரிஞ்சா நான் ஏன் இங்க உட்கார்ந்திருக்கேன்?" என்றான்.

மாத்திரை எடுத்தவரைத் தனியாக அனுப்பக்கூடாது. மாலையில் மஸால் வந்து வாசலிலேயே நின்றாள்.

"வீட்டுல விட்டுட்டு தங்கச்சிகிட்டப் போயிடுவேன்," என்று என்னிடம் முதலிலேயே சொல்லிவிட்டாள்.

ஓவாத்யா மெதுவாக நடந்து வந்தார். அவள் பழக்கப்படி அவருடைய வலப்பக்கம் போனாள், தொடாமல், ஓர் அடி தள்ளி.

"இந்தப் பக்கம் வா," என்று இடதுகையை நீட்டினார்.

"வேணாம் ஓவாத்யா. எனக்குப் பயமா இருக்கு."

"பிடி மஸால். இறுக்கிப் பிடி."

இரண்டு விரலால் தொட்டாள். கை வெட்டி இழுத்தது. மஸால் பின்வாங்கினாள். அவர் கையை மடக்காமல் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றார்.

"பயப்படாத, நம்ம மஸால்தான்," என்று தன் கையைப் பார்த்துச் சொன்னார்.

மஸால் அழுதபடி அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.