ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்றவர்

எங்கள் ஊரில் ஆயுள் காப்பீடு எடுத்தால் பணம் தரமாட்டார்கள், ஆள் தருவார்கள். கையெழுத்துப் போட்ட வாரத்திலேயே ஆள் வீட்டுக்கு வந்துவிடுவார். எடுத்தவருடைய உயரம், எடுத்தவருடைய நிறம், அதே அளவு செருப்பு. வந்ததும் வீட்டில் ஏதாவது ஓர் ஓரமாக நின்றுகொள்வார். சோறு தண்ணீர் கேட்கமாட்டார். வெள்ளிக்கிழமை வீடு துடைக்கும்போது அவர்மீதும் ஈரத்துணியை ஒரு தடவை ஓட்டினால் போதும். எடுத்தவர் இறந்துபோனால் மறுநாள் காலையில் மாற்றாள் அசைவார். சட்டையை மாட்டிக்கொண்டு இறந்தவருடைய வேலைக்குப் போவார். குடும்பம் நடக்கும்.

எல்லோர் வீட்டிலும் மாற்றாள் இருப்பதில்லை. கடைத்தெரு முதலாளிகள் வீட்டில் இரண்டு மூன்று பேர் கார் நிற்கும் இடத்தில் வரிசையாக நிற்பார்கள். அந்த வீடுகளில் யார் இறந்தாலும் எதுவும் நின்றுபோகாது, ஆனாலும் அவர்கள் நிற்பார்கள். செங்கல் சூளைப் பக்கத்தில் நாலு வீட்டுக்குச் சேர்த்து ஒருவர். முறைவைத்து வீடு மாறி நிற்பார். கல்லூரி வாத்தியார்கள் கல்யாணமான கையோடு எடுத்துவிடுவார்கள். பக்கத்து வீட்டு பஷீர் பாய் எடுக்கவில்லை. "எனக்கு நாலு தம்பிங்க இருக்கானுங்க, தணிகாசலம். இன்னொருத்தன் நிக்க வீட்ல இடம் எங்க இருக்கு?" என்றார். அது உண்மைதான். என் மாமனார் அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டார். அப்படி ஒருவரை உள்ளே அழைத்தால், அவர் எதற்காகக் காத்திருக்கிறாரோ அதுவும் பின்னாலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது அவர் கட்சி.

எனக்குத் தம்பிகள் கிடையாது. செல்போன் கோபுரங்களில் ஏறி ஆன்டெனா மாற்றுவது என் வேலை. என்னுடன் ஏறிக்கொண்டிருந்த தீனதயாளன் ஒரு மழைநாளில் விழுந்து இறந்தான். அவனும் மாற்றாள் எடுத்திருக்கவில்லை.

மாற்றாள் இல்லாத வீட்டில் ஆள் இறந்துபோனால் வீடு பின்னால் நகரும். சத்தம் இருக்காது. முதலில் வாசல்படிக்கும் தெருவுக்கும் நடுவில் கொஞ்சம் மண் தெரியும். பிறகு அந்த இடத்தில் ஒரு மாட்டுவண்டி நிறுத்தலாம் போல ஆகிவிடும். தீனதயாளன் வீட்டுக்குப் பின்னால் ஏரி. அவன் மனைவி சற்குணா கொஞ்ச காலம் தெருக்குழாய்க்குக் குடத்தோடு நடந்து வந்துகொண்டிருந்தாள். பிறகு குழாய் மூடுவதற்குள் அவளால் வந்துசேர முடியவில்லை. கோபுரத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் சீமைக்கருவேலங்களுக்கு நடுவே அவர்கள் வீடும் கொடியில் அவள் உலர்த்திய துணியும் தெரியும். ஒருநாள் உச்சியிலிருந்தும் தெரியவில்லை. நான் அன்று வேலையை முடிக்காமல் இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து என் மனைவி கோமளாவிடம் சொன்னேன். அவள் எங்கள் மகள் மிதிலாவுக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதிர்வீட்ல ஒருத்தர் நிக்கிறார். வாத்தியார் வீட்ல நிக்கிறார். எல்லா வீட்லயும் அந்த இடத்துல ஒரு ஆள் இருக்கு. நம்ம வீட்ல சுவர்தான் இருக்கு. ராத்திரியெல்லாம் அந்தச் சுவரையே பாத்துட்டு இருக்கேங்க" என்றாள்.

அடுத்த வாரம் ஏஜென்ட் ரஞ்சிதம் மேடம் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். மாற்றாள் வெயில் ஏறும் முன்பே வந்துவிட்டார். என்னைப் போலவே இருந்தார். எனக்கு இல்லாத ஒரு பொறுமை மட்டும் முகத்தில் இருந்தது. ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றார். அன்று கோமளா நன்றாகத் தூங்கினாள். நானும் கோபுரத்தில் ஏறும்போது கீழே பார்ப்பதை விட்டுவிட்டேன்.

கேஸ் சிலிண்டர் விலை ஏறிய வாரம் மிதிலாதான் முதலில் கவனித்தாள்.

"அப்பா, இவரோட பேன்ட் தரையில இழுக்குது."

பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். அவருடைய தலை என் காதுவரைதான் வந்தது. எண்ணெய் விலை ஏறியபோது தோள்வரை ஆனார். பள்ளிக்கூடக் கட்டணம் கூடிய ஜூன் மாதம் கோமளா அவருடைய பேன்ட்டை வெட்டித் தைத்தாள். வெட்டிய துணியை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

ரஞ்சிதம் மேடத்தை வரச் சொன்னேன். அவர் மாற்றாளைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இவர்ல எந்தக் குறையும் இல்ல சார். கொடுத்த அன்னைக்கு எப்படி இருந்தாரோ அப்படியேதான் இருக்கார். மத்ததெல்லாம்தான் பெரிசாயிடுச்சு."

"கோபுரத்துல முதல் படி என் இடுப்பு உயரத்துல இருக்கு மேடம். இவருக்கு எட்டாது."

"கூடுதலாக் கட்டினா வளருவார். நீங்க பாக்கிற வேலைக்கும் உங்க வயசுக்கும் இன்னொரு ஆள் தரமாட்டாங்க. இவரைத்தான் வளர்க்கணும்."

அதன்பிறகு பயந்தது போல் நான் அதற்குமுன் பயந்ததே இல்லை. முன்பெல்லாம் விழுந்துவிடுவேனோ என்று மட்டும் பயம். இப்போது ஒவ்வொரு படியிலும் அவர் கை எட்டுமா என்ற கணக்கும் சேர்ந்துகொண்டது. காற்று அடித்தால் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவருடைய உயரத்தை நினைப்பேன். உள்ளங்கை வேர்த்து, கம்பி வழுக்கும். வழுக்குவதால் இன்னும் பயம் வரும்.

கோமளா தையல் மெஷின் வாங்கி ரவிக்கை தைக்க ஆரம்பித்தாள். அந்த வருமானம் முழுக்க அவருக்கே போனது. கட்டிய மாதம் ஒரு விரற்கடை வளருவார். விலைவாசி அடுத்த மாதமே இரண்டு விரற்கடையை எடுத்துக்கொள்ளும். கோமளாவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. டாக்டரிடம் போகலாம் என்றால், "அவர் உங்க தோளுக்காவது வரட்டும், அப்புறம் போகலாம்" என்றாள். நானும் சரி என்றேன். அவர் வளராமல் போய்விடுவாரோ என்ற பயம் எனக்கு அவளைவிட அதிகமாக இருந்தது.

நான் கோபுரத்தில் இருந்தபோது பஷீர் பாய் போன் செய்தார்.

"தணிகாசலம், மெதுவா இறங்கி வா. அவசரப்படாதே" என்றார். அவர் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

கோபுரத்திலிருந்து அவசரமாக இறங்க முடியாது. ஒவ்வொரு படியிலும் இடுப்புக் கொக்கியைக் கழற்றிக் கீழே மாட்ட வேண்டும். கழற்றினேன், மாட்டினேன். மேலிருந்து ஊர் முழுக்கத் தெரிந்தது. எங்கள் வாசலில் பஷீர் பாயின் தம்பிகள் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். கோமளா மெஷினில் உட்கார்ந்தபடியே தலையைச் சாய்த்திருக்கிறாள். ஊசி துணியில் இறங்கியபடி இருந்தது.

மறுநாள் காலை எல்லோரும் ஃபிரிட்ஜ் பக்கம் பார்த்தார்கள். அவர் அசையவில்லை. அவர் எனக்கான ஆள்.

காரியங்கள் முடிந்து சில நாளில் வாசல்படிக்கும் தெருவுக்கும் நடுவே மண் தெரிந்தது. நான் உயிரோடுதான் இருந்தேன், ஒருநாள்கூட வேலைக்குப் போகாமல் இல்லை. ஆனாலும் வீடு நகர்ந்தது. ரஞ்சிதம் மேடம் வந்து மண்ணைக் குனிந்து பார்த்தார்.

"வீட்டம்மா என்ன வேலைல இருந்தாங்க சார்?"

"வீட்லதான் இருந்தாங்க. ரவிக்கை தைச்சாங்க."

"அதெல்லாம் கணக்குல வராது. அவங்களுக்கு ஆள் கேட்டிருந்தாலும் கொடுத்திருக்கமாட்டாங்க. வருமானம் நின்னாத்தான் வீடு நகரும்னு கம்பெனியில நினைக்கிறாங்க."

"நகருதே மேடம்."

"ஆமா" என்றார். செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுப் போனார்.

நான் சமைத்தேன். சாம்பார் பொங்கி வழிந்தது. மிதிலாவின் பள்ளிக்கூடப் பையில் பழைய தயிர்சாத டப்பா இருந்து நாறியது. அவளுக்குத் தலை பின்ன எனக்குத் தெரியவில்லை. மூன்று பிரிகளில் ஒன்று எப்போதும் என் கையிலிருந்து நழுவிவிடும். ஒவ்வொன்று தவறும்போதும் வீடு கொஞ்சம் பின்னால் போனது. தவறவிடக் கூடாது என்று பயந்தால் இன்னொன்று தவறியது. பஷீர் பாயின் தம்பிகள் நாலு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து முன்சுவரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். மாலையில் கையைத் தட்டிக்கொண்டு, சொல்லிக்கொண்டு போனார்கள். அப்போதே அவர்கள் தெருவுக்குக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஏரி இல்லை. ரயில்பாதை.

முதலில் பாத்திரங்கள் குலுங்கும். பிறகு வண்டி வரும்போதெல்லாம் சுவரில் மாட்டிய கோமளாவின் படம் ஒரு பக்கமாகச் சாயும். மிதிலா எழுந்துபோய் நேராக்கிவிட்டு வருவாள். பிறகு கொல்லைக் கதவைத் திறந்தால் சரளைக்கல் தெரிந்தது. ஒரு காலை எழுந்தபோது கூடத்தின் நடுவே, டிவிக்கும் ஃபிரிட்ஜுக்கும் இடையில், தண்டவாளம் கிடந்தது.

ரயில்வே கேட்கீப்பர் வந்து பார்த்தார். சைக்கிளை வெளியே சாத்திவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார்.

"பாசஞ்சர் வண்டி இப்ப வந்துடும். நேரத்தை மாத்த முடியாது சார். கூடத்துல ரெண்டு பக்க ஜன்னலையும் திறந்து வைங்க. குழந்தையைச் சமையலறையில பிடிச்சுக்கோங்க."

"ஜன்னல் போதுமா?"

"போதும்."

திறந்து வைத்தேன். மிதிலாவை இடுப்போடு அணைத்துக்கொண்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்தேன். தண்டவாளம் முதலில் மெல்லப் பாடியது. தரை நடுங்கியது. மிதிலாவின் பல் கிட்டித்துக்கொண்டது. அவளுடைய இதயம் என் கையில் அடித்தது, அல்லது என்னுடையது அவள் முதுகில் அடித்தது. பிறகு வெளிச்சம் மறைந்தது. எஞ்சின் ஒரு ஜன்னல் வழியாக வந்து மறு ஜன்னல் வழியாகப் போனது. பெட்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்கள் எங்கள் காலண்டரைப் பார்த்தபடி போனார்கள். சிக்னல் கிடைக்காமல் வண்டி நின்றது. ஒரு பெட்டியின் வாசல் சரியாக ஃபிரிட்ஜுக்கு எதிரே இருந்தது.

மாற்றாள் அப்போது என் முழங்கால் உயரத்துக்குக் குறைந்திருந்தார். அவர் சுவரிலிருந்து விலகி நின்று, சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"இது எங்க ஊர் வண்டி" என்றார். அவர் பேசி நாங்கள் கேட்டது அது ஒன்றுதான்.

படி அவருக்கு எட்டவில்லை. உள்ளேயிருந்த ஒருவர் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். வண்டி கிளம்பியது.

நான் ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்தேன். அங்கே கொஞ்சம் தூசி இருந்தது. இனி எனக்குப் பின்னால் யாருமில்லை. நான் விழுந்தால் மிதிலாவும் தண்டவாளமும்தான் மிச்சம். அன்று வேலைக்குப் போய்க் கோபுரத்தின் அடியில் நின்றேன். முதல் படியில் கையை வைத்தேன், ஏற முடியவில்லை. மாலைவரை அப்படியே நின்றுவிட்டுத் திரும்பினேன்.

ரஞ்சிதம் மேடம் சரளைக்கல்லில் செருப்பு மடங்காமல் பார்த்துப் பார்த்து நடந்து வந்தார்.

"அவர் ஊர் போய்ச் சேரலையாம் சார். வண்டியிலேயே தவறிட்டார். தகவல் வந்தது."

"இப்ப எனக்கு வேற ஆள் வருமா?"

"வராது. அவர் முன்னாடி போயிட்டார் இல்லையா. கையெழுத்து ரெண்டு பேருக்கும் பொதுதான். இப்ப நீங்கதான் அவருக்கு மாற்றாள்." அவர் ஒரு முகவரியைச் சொன்னார். "நாளைக்குக் காலையில அசையணும். குழந்தையைக் கூட்டிட்டுப் போகலாம். அதுக்குத் தடை இல்ல."

மிதிலா தன் பையில் இரண்டு உடுப்பும் சீப்பும் கோமளாவின் படமும் எடுத்து வைத்துக்கொண்டாள். எங்கள் கூடம் ஸ்டேஷன் இல்லை என்பதால் டிக்கெட் எடுக்க ஸ்டேஷன்வரை நடந்தோம். வண்டி எங்கள் வீட்டுக்குள் வந்தபோது அன்று சிக்னல் கிடைத்துவிட்டது. நிற்கவில்லை. அடுப்பை அணைத்திருக்கிறேனா என்று எட்டிப் பார்த்தேன், அணைத்திருந்தேன்.

அவருடைய ஊர் கடைசி ஸ்டேஷன். தெருவில் வீடுகள் நெருக்கமாக, ஒரே வரிசையில் இருந்தன. எதுவும் பின்னால் நகர்ந்திருக்கவில்லை. கதவைத் தட்டினேன். மிதிலா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

அவருடைய மனைவி கதவைத் திறந்தாள், என் வயது இருக்கும். களைத்த முகம். என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"வாங்க. சாப்பாடு எடுத்து வைக்கிறேன்" என்றாள். மிதிலாவிடம், "உன் பேரு என்னம்மா?" என்றாள்.

"மிதிலா."

"உள்ள வா, மிதிலா."

கூடம் சின்னதாக, சுத்தமாக இருந்தது. அங்கே அலமாரிக்குப் பக்கத்தில் இன்னொரு பெண் நின்றிருந்தாள். கதவைத் திறந்தவளுடைய அதே முகம், அதே உயரம், அதே களைப்பு. அந்த ஊரில் முதலில் பெண்களுக்குத்தான் ஆள் கொடுப்பார்களாம். மிதிலா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பையிலிருந்து சீப்பை எடுத்து, அவளுடைய விரல்களுக்கு நடுவில் செருகிவிட்டு, முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

விரல்கள் சீப்பைப் பிடித்தன. அவள் மெல்லக் குனிந்து, சிக்கெடுத்து, மூன்று பிரியாகப் பிரித்துப் பின்னத் தொடங்கினாள்.

கதவைத் திறந்தவள் சோற்றுத் தட்டை என் முன்னால் வைத்தாள். மிதிலாவின் பின்னல் முடியும்வரை நின்று பார்த்தாள். "இனி எல்லாம் இவ பாத்துக்குவா" என்றாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.